இரண்டாவது நிமிடம்

கே.கே. நகர், மதுரை
3 மார்ச் 2025

அன்புள்ள முத்துப்பாண்டி,

இதை உன் வக்கீல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்றார். நேரில் வந்து பார்க்கத்தான் நினைத்தேன். இரண்டு நாள் அந்த வாசல் வரை வந்துவிட்டு, வரிசையில் நிற்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பிப்ரவரி பதினாறாம் தேதி காலை நடந்ததை நான் போலீஸில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் வக்கீல். சொன்னபடியே எழுதுகிறேன்.

கீழக்குயில்குடிக் கண்மாய்க்குள், தண்ணீர் வற்றிய தரையில், நம் டிப்ளமோ படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தோம். சாய்பிரசாத் டைரக்டர், காவ்யஸ்ரீ கேமரா, ரிட்டயரான பிறகு உங்களோடு படிக்க வந்த நான் ஒலிப்பதிவு. நடித்தது நீயும் ஜெரால்டும். நீ அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்குகிறாய். தாங்கவில்லையென்றால் ஜெரால்ட் கையால் தரையை இரண்டு தடவை தட்ட வேண்டும், நீ உடனே விட்டுவிட வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். காட்சி முடிந்து சாய்பிரசாத் கட் சொன்னான். நான் வழக்கம்போல் கையைத் தூக்கினேன். படம் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்வது என் வழக்கம். அந்த நிமிடத்தில் யாரும் இருந்த நிலையிலிருந்து அசையக் கூடாது. ஒருவரை ஒருவர் பார்த்தால் ஜெரால்ட் சிரிக்க வைத்துவிடுவான் என்பதால் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும். நான் மட்டும் ரெக்கார்டரின் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று நிமிடம் முடியப்போகும் சமயம் ஹெட்போனில் ஏதோ சத்தம் விழுந்தது. பதிவு கெட்டுவிட்டது என்று, "நாய்ஸ். இன்னொரு நிமிஷம்" என்றேன். அதுவும் முடிந்தது. "நன்றி, எல்லாரும் அசையலாம்" என்றேன். நீ எழுந்தாய். ஜெரால்ட் எழவில்லை.

இவ்வளவுதான் சொன்னேன். நாம் கைதட்டியதைச் சொல்லவில்லை. "செம்மயா பொணமா நடிக்கிறான்டா" என்று சாய்பிரசாத் சொன்னதையும், எல்லோரும் சிரித்ததையும் சொல்லவில்லை. காவ்யஸ்ரீ போய்ப் புரட்டியபோது வாய் நிறைய மண்ணும், பல்லுக்கு இடையில் சிக்கிக் கிழிந்த நாக்கும், நாவல்பழ நிறத்தில் இருந்த அந்த முகமும் தூங்கும்போதெல்லாம் வருகின்றன. அவன் இன்னும் மூச்சுக் கருவியில்தான் கிடக்கிறான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. அந்த இரண்டாவது நிமிடத்தில் நீ ஏதாவது பேசினாயா?

இப்படிக்கு,
ராமமூர்த்தி


9 மார்ச் 2025

சார்,

பேசவில்லை. என்ன பேச வேண்டிக் கிடக்கிறது? நீங்கள் கையைத் தூக்கினால் நாங்கள் மூச்சு விடக்கூடப் பயப்படுவோம். ஒரு தடவை கொசு அடித்ததற்கு என்னை எப்படிப் பார்த்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஜெரால்ட் உங்களுக்கு "சைலன்ஸ் சார்" என்று சும்மாவா பேர் வைத்தான்?

வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். அசையக் கூடாது என்பது உங்கள் ரூல். கையில் இருந்த துண்டை இருந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன். இதை நீங்கள் கோர்ட்டில் சொன்னால் கவனக்குறைவு என்று போகும். சொல்லாவிட்டால் கொலை முயற்சி. அம்புட்டுதான் விஷயம். நான் வெளியே வருவதும் வராததும் உங்கள் வாயில் இருக்கிறது.

போலீஸ்காரர்கள் எனக்கும் அவனுக்கும் முன்பகை என்கிறார்கள். அலங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் எடுத்த காட்சியை காவ்யஸ்ரீ சொல்லிவிட்டாள் போல. சொல்லட்டும். அவன் என்னை அறைகிற காட்சி. பொய்யாக அறைந்தால் கேமராவில் தெரிகிறது என்று சாய்பிரசாத் சொன்னான். உடனே ஜெரால்ட் நிஜமாகவே விட்டான். ஒரு டேக், இன்னொரு டேக், போய்க்கொண்டே இருந்தது. ஊர் ஆட்கள் கூடிவிட்டார்கள். டீக்கடையில் இருந்த எங்கள் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "யாருடா அது, நம்ம பயலையா போட்டு அடிக்கிறான்?" என்று ஒருத்தன் கேட்டது என் காதில் விழுந்தது. ஒவ்வொரு அறைக்கும் பிறகு அவன் என் தோளில் கையைப் போட்டுச் சிரிப்பான். "ரியலா இருக்கணும்ல மாப்ள" என்பான்.

கடைசி அறையில் காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்தது. நான் உங்களைப் பார்த்தேன் சார். பெரிய மனுசர், நீங்களாவது போதும் என்பீர்கள் என்று. நீங்கள் ஹெட்போனைக் கழற்றாமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். சத்தம் நன்றாக விழுந்திருக்கிறது என்று.

பேசினாயா என்று ஏன் கேட்கிறீர்கள்? கட் சொன்னதும் எல்லாம் நின்றிருக்குமே.

முத்துப்பாண்டி


கே.கே. நகர்
17 மார்ச் 2025

அன்புள்ள முத்துப்பாண்டி,

ஜெரால்ட் வியாழக்கிழமை போய்விட்டான். வக்கீல் சொல்லியிருப்பார். கல்லறைத் தோட்டத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன். பெட்டியை மூடுவதற்கு முன் பார்த்தேன். கழுத்தை உயர்ந்த காலர் சட்டை போட்டு மறைத்திருந்தார்கள். ஆனாலும் காதுக்குக் கீழே அந்தக் கோடு தெரிந்தது. அவனுடைய மாமன் ஒருவர் சாய்பிரசாத்தைக் கண்டதும் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். பல் உடைந்தது. பாதிரியார் வந்து விலக்கினார். என்னை யாரும் எதுவும் செய்யவில்லை. வயதானவன் என்று விட்டுவிட்டார்கள். அதுவே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கட்டைவிரலைத் தூக்கியது உண்மை. அறை நன்றாக விழுந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் உன் காதை நான் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கட் சொன்னதும் நின்றது கேமரா. என் ரெக்கார்டர் நிற்கவில்லை. அதை நிறுத்தாமல்தானே அந்த நிமிடத்தைப் பதிவு செய்ய முடியும்? அந்த நேரம் ஹெட்போனில் நான் கேட்டது பெரிய மைக்கை மட்டும்தான்; ஜெரால்டின் காலருக்குள் வைத்திருந்த சின்ன மைக்கும் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. போலீஸார் கேமராவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேமராவுக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். என் பையை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

வீட்டில் கேட்டேன். முதல் நிமிடத்தின் முடிவில் நான் நாய்ஸ் என்று சொன்ன சத்தம், இரண்டு தட்டு. காய்ந்த மண்ணில் உள்ளங்கை விழுகிற சத்தம். தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருடம் லைனில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அது கை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது நிமிடத்தில் உன் குரல் இருக்கிறது. என்ன சொன்னாய் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீயே எனக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். நான் சாட்சி சொல்லத் தயார். ரூல் என்னுடையதுதான். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது என்னால் ஆகுமா என்று தெரியவில்லை.

ராமமூர்த்தி


25 மார்ச் 2025

சார்,

இப்போது கேஸ் கொலை. ஜெரால்டின் சொந்தக்காரன் ஒருத்தன் வேறு கேஸில் உள்ளே இருக்கிறான். சனிக்கிழமை குளிக்கிற இடத்தில் என் தலைமுடியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் அடித்தான். புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு கண் திறக்கவில்லை. இதை எழுதும்போது எழுத்து வரிசை மாறிப்போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சார் விளையாட்டு இது? "நீயே எனக்குச் சொல்ல வேண்டும்." நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? எங்கள் அம்மா மலையம்மாள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறது. நீங்கள் கே.கே. நகரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு பட்டனை அமுக்கினால் அது அழிந்துவிடும். நானும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதானே படித்தோம்? அந்த ரெக்கார்டரில் அழிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதை அழித்துவிட்டு, ரூல் என்னுடையது என்று மட்டும் கோர்ட்டில் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணனிடம் பேசிவிட்டேன். உக்கிரபாண்டி அண்ணன் உங்களை வந்து பார்ப்பார். அவர் என்னை மாதிரி பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

முத்துப்பாண்டி


கே.கே. நகர்
4 ஏப்ரல் 2025

முத்துப்பாண்டி,

உன் அண்ணன் வந்தார்.

நான் கதவைத் திறந்தபோது செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் மனைவி நாகமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தார். "ஐயா, அந்த ரெக்கார்டர் பெட்டிய எடுங்க. வாங்கிட்டுப் போறேன்" என்றார். அது இங்கே இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, கண் தானாக அலமாரிப் பக்கம் போய்விட்டது போல. சிரித்தார். "வயசுக்கு மருவாத குடுத்து ஒக்காந்திருக்கேன். எம்புட்டு நேரம்னு சொல்லுங்க" என்றார்.

அப்போதும் நான் எழவில்லை. துணிச்சல் என்று நினைக்காதே. பயம்தான். அவர் எழுந்து என் இடது காதில் அறைந்தார். கீழே விழுந்தேன். நாகமணி குறுக்கே வந்தாள், அவளைத் தள்ளியதில் கிரில் கேட்டில் மோதி அவள் நெற்றி பிளந்தது. அவர் அலமாரியைத் திறந்து ஹெட்போனை இரண்டாக ஒடித்தார். மைக் ஒயரை என் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, "இப்பிடித்தான பண்ணுனான்னு சொல்றீக?" என்று கேட்டார். இறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தட்டத் தோன்றியது. என்னை அறியாமல் என் கை தரையில் இரண்டு தடவை தட்டியது. அவருக்கு அது என்னவென்று தெரியாது.

பழைய ரெக்கார்டர் ஒன்றைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு, முடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார். அன்றைய பதிவு அதில் இல்லை. அந்தப் பதிவுள்ள ரெக்கார்டர் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நாகமணி முன்பே அங்கே எடுத்து வைத்திருந்தாள். நெற்றியில் ரத்தம் வழிய அவள் எங்கள் வீட்டுப் பாஷையில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பையன் அப்படி என்னதான் சொன்னான்?" அவளிடமும் நான் சொல்லவில்லை. இடது காதில் இப்போது விடாமல் ஓர் இரைச்சல்.

சாய்பிரசாத் மறுநாள் வந்தான். அவன் எனக்குத் தூரத்து உறவு. கடைசி டேக் மாதிரி ஒரு காட்சியை இந்த ஊரில் எந்த மாணவனும் எடுத்ததில்லையாம். கேஸ் முடிந்ததும் போலீஸிடமிருந்து வாங்கி எடிட் பண்ணிப் போட்டிக்கு அனுப்பலாமா, ஜெரால்டுக்குச் சமர்ப்பணம் என்று போடலாமா என்று கேட்டான். உடைந்த பல்லோடு கேட்டான். அவனை வெளியே போகச் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் உனக்கு எழுத வேண்டியது இவை அல்ல. ஜெரால்டின் அம்மா ஆனிமேரி வந்திருந்தார். ரெக்கார்டர் இருப்பது அவருக்குத் தெரியாது. நான்தான் இருக்கிறது என்றேன். அவர் அழாமல் பேசினார். "போன்ல அவன் கொரலு இருக்கு சார். எல்லாம் 'வாரேன்மா, வையிம்மா'தான். சைலன்ஸ் சார்கிட்ட என் கொரலு நல்லா விழுந்திருக்கும்மான்னு சொல்லுவான். ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

மைக் சரியாக இருக்கிறதா என்று அன்று காலை அவனைப் பேசச் சொன்ன பகுதியைப் போட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சைலன்ஸ் சார், சாப்டீங்களா? எங்கம்மா இட்லி குடுத்துவிட்டிருக்கு. முத்துப்பாண்டிக்குக் குடுக்காதீங்க, அவன் அப்பறம் என் கழுத்த நெரிக்கிறதுக்குத் தெம்பாயிருவான்." பின்னால் நீ சிரிப்பது கேட்கிறது.

ஆனிமேரியும் சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பதிவு மேலே ஓடத் தொடங்கியது, நான் நிறுத்தினேன். "அம்புட்டுதானா சார்?" என்று கேட்டார். அம்புட்டுதான் என்றேன்.

முத்துப்பாண்டி, அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அவரைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டேன். அவன் இரண்டு தடவை தட்டியதற்குப் பிறகு, அவன் காதருகே குனிந்து, நீ கேட்டாய்: "ரியலா இருக்கா மாப்ள?"

நான் இன்னும் அழிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இரண்டுக்கும் எனக்குத் தைரியம் போதவில்லை. இந்தச் சின்ன வயதில் உன்னைத் தூக்கில் ஏற்றியவன் என்ற பெயரோடு சாகவும் பயமாக இருக்கிறது. அந்த அம்மாவின் முகத்தை மறுபடி பார்க்கவும் பயமாக இருக்கிறது. நீ சொல்.

ராமமூர்த்தி


12 ஏப்ரல் 2025

சார்,

இதைத் தபாலில் போடுகிறேன். இங்கே பிரித்துப் படித்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

நாகமணி அம்மாவையும் உங்களையும் அண்ணன் அடித்தது எனக்குத் தெரியாது. போய்ப் பேசு என்றுதான் சொன்னேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். அடிப்பார் என்று எனக்குத் தெரியும். நேற்று மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சோலிய முடிச்சுட்டேன்டா தம்பி" என்றார். நான் அவரிடம், இனி என்னைப் பார்க்க வராதே என்று சொல்லிவிட்டேன்.

இட்லியைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு அவனே எனக்குக் கொடுத்தான் சார். நீங்கள் வண்டியிலிருந்து மற்ற மைக்குகளை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். நாலு இட்லியில் இரண்டைப் பிய்த்து வாயில் திணித்தான். "தின்னுடா, இன்னைக்கு நீதான ஜெயிக்கிற" என்றான். அலங்காநல்லூரில் அடித்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தே போயிருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். என் காது அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாப் பயல்களும் என்னைப் பார்த்தால் கன்னத்தைத் தடவிக் காட்டுவார்கள். அவனுக்கு அது ஒரு நல்ல டேக், அம்புட்டுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கட் சொன்னார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். நான் கண்ணை மூடினேன். துண்டைத் தளர்த்தலாம் என்றுதான் இருந்தேன். தளர்த்தினால் துணி உரசும், மறுபடி முதலிலிருந்து எடுப்பீர்கள் என்று அப்படியே பிடித்தேன். சத்தியமாக அப்படித்தான். அவன் நெஞ்சு முழங்காலுக்குக் கீழே துள்ளியது. பாவிப்பயல் சிரிப்பை அடக்குகிறான் என்று நினைத்தேன்.

பிறகு தட்டினான். அது எனக்குத் தெரிந்த தட்டு. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவன் கை எனக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. விரல் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது. நான் விட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் "இன்னொரு நிமிஷம்" என்றீர்கள். சுற்றிப் பார்த்தேன். காவ்யஸ்ரீ கண்ணை மூடி நின்றாள். சாய்பிரசாத் கண்ணை மூடி நின்றான். நீங்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யாருமே பார்க்கவில்லை. எனக்கு ஒரு நிமிசம் கொடுத்த மாதிரி இருந்தது.

சாகணும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. அவனுக்கு வலிக்கணும். அவன் ஞாபகம் வைத்திருக்கணும். அதனால் குனிந்து கேட்டேன். பதில் சொல்லுவான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஏதோ ஒன்று என் கைக்குள் முறிந்த மாதிரி இருந்தது, வெண்டைக்காய் ஒடிக்கிற மாதிரி. அப்போதும் விடவில்லை. நீங்கள் நன்றி சொல்லுகிறவரை விடவில்லை.

முதல் நிமிசம் நீங்கள் சொன்னதற்காக அசையாமல் இருந்தேன். ரெண்டாவது நிமிசம் எனக்காக.

அந்தப் பெட்டியைப் போலீஸில் கொடுத்துவிடுங்கள் சார். அவன் அம்மாவிடம் மட்டும் அதைப் போட்டுக் காட்ட வேண்டாம்.

முத்துப்பாண்டி


கே.கே. நகர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள முத்துப்பாண்டி,

நானும் இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ரெக்கார்டரையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நாகமணி கூட வந்தாள். தையல் போட்ட நெற்றியோடு வெளியே வராதே என்றேன், கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். பயமாக இருந்தது என்றேன். யாருக்குப் பயந்தீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, எல்லாருக்கும் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

குரல்களை நான் அடையாளம் காட்ட வேண்டும் என்று அங்கேயே ஸ்பீக்கரில் போட்டார்கள். வெளியே பஸ் ஹாரன், உள்ளே வயர்லெஸ் இரைச்சல், ஒரு கைதி தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். காட்சி ஓடியது, கட் வந்தது. அதன் பிறகு அந்தக் கண்மாய். எங்கோ ஒரு மயில், சமணர் மலைப் பக்கமிருந்து காற்று. அவ்வளவு சுத்தமாகப் பதிந்திருக்கிறது. டீ கொண்டுவந்தவன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள்.

இரண்டு தட்டு விழுந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தியிருக்கிறேன். "கைய எடுடா! முத்துப்பாண்டி, கைய எடுடா!" என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. நாகமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏட்டு ஒருவர் தோளைத் தொட்டு, "ஐயா, அது ரெக்கார்டிங். அவனுக்குக் கேக்காது, ஒக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். என் பேச்சு அவர்களுக்கு முழுதாகக் கேட்க வேண்டும் என்பதால் அங்கேயே நிறுத்தச் சொல்லி, இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்: முதல் நிமிடம் அவன் அசையாமல் இருந்தது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு. தட்டியதைக் கேட்டும் அது என்னவென்று பார்க்காமல் இரண்டாவது நிமிடத்தைத் தொடங்கியது நான். அந்த நிமிடத்தில் அவன் செய்ததை அவனே எழுதியிருக்கிறான், அதையும் மறைக்கவில்லை. கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன். உன்னைக் காப்பாற்ற இது போதாது. தெரியும். கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ என்னால் முடியாது.

ஆனிமேரியிடம் நேற்றுப் போனேன். அம்புட்டுதான் என்று சொன்னது பொய் என்றேன். மீதியில் என்ன இருக்கிறது என்று வாயால் சொன்னேன், போட்டுக் காட்டவில்லை. அவர் என் வலது கையைப் பிடித்து மேசையில் வைத்து, "எப்பிடித் தட்டுனான்? காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் என் கையின் மேல் தன் கையை வைத்து அப்படியே இருந்தார்.

இன்னும் ஒன்று. ஸ்டேஷனில் பதிவைக் கடைசிவரை ஓடவிட்டார்கள். நீ கேட்ட கேள்வி வந்தது. இறுகுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, மயில்கூட இல்லை. முடிவில் என் குரல், எப்போதும்போல மரியாதையாக: "நன்றி, எல்லாரும் அசையலாம்."

டீ கொண்டுவந்தவன் தட்டை மேசையில் வைத்தான். நின்றிருந்தவர்கள் அப்போதுதான் அசைந்தார்கள்.

ராமமூர்த்தி